லோன் கன்பார்ம் என்று யார் சொன்னாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். என் வீட்டுக்காரருக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வியாபாரம். 2022 ஜனவரியில் ஒத்தக்கடை பக்கம் ஒரு வீட்டுக்கு மூன்று லட்ச ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, அதில் ஒன்றரை லட்சத்தை இழந்தோம். வீட்டை விற்க வந்தவர் எங்களை ஏமாற்றவில்லை. கடன் தருகிறோம் என்று சொன்னவர்களின் வாய்வார்த்தையை நம்பி நாங்கள்தான் அக்ரிமெண்ட் போட்டோம். 2024-ல் வேறொரு வீட்டை ஆனையூர் பக்கம் வாங்கி இப்போது அதில் இருக்கிறோம். இரண்டு முறையும் என்ன நடந்தது, எதை எப்போது கேட்க வேண்டும் என்பதை, வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எங்களிடம் வந்தது ஒரு கடன் ஏஜென்ட் தம்பி. நல்ல பையன், மரியாதையாகப் பேசுவான். வீட்டு விலை 36 லட்சம். "அக்கா, தொண்ணூறு பர்சென்ட் வாங்கித் தர்றேன். முப்பத்திரண்டு லட்சம் கன்பார்ம். நீங்க தைரியமா அட்வான்ஸ் போடுங்க" என்றான். நாங்கள் கணக்குப் போட்டோம். கையில் ஒன்பது லட்சம், நகையையும் சேர்த்து. 36-ல் 32 போனால் பாக்கி நாலு. அப்போது பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 என்று மொத்தம் 11 சதவீதம், அதாவது 3 லட்சத்து 96 ஆயிரம். எல்லாம் சேர்த்து எட்டு லட்சத்துக்குள் முடியும் என்று தெம்பாக மூன்று மாதக் கெடுவில் அக்ரிமெண்ட் போட்டோம்.

மூன்றாவது வாரம் கடன் நிறுவனத்தின் வேல்யுவேஷன் எஞ்சினீயர் வந்தார். நான் அன்று லீவு போட்டுவிட்டு அங்கே இருந்தேன். டேப்பைப் பிடித்து ஒவ்வொரு அறையாக அளந்தார். சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று மூன்று பக்கமும் பார்த்தார். அப்புறம் மாடிப்படியில் நின்று, "மேல்தளத்துக்கு பிளான் அப்ரூவல் இருக்கா?" என்று கேட்டார். விற்பவர் கொண்டுவந்த வரைபடத்தில் கீழ்த்தளம் மட்டும்தான் இருந்தது. மாடி பிறகு கட்டியது, அனுமதி வாங்கவில்லை. எஞ்சினீயர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். ரிப்போர்ட்டில் மாடிக்கு மதிப்பே போடவில்லை. வீட்டின் மதிப்பு 30 லட்சம், அதில் 75 சதவீதம் என்று இருபத்திரண்டரை லட்சம்தான் அனுமதித்தார்கள். பத்திரச் செலவும் சேர்த்து, கையிலிருந்த ஒன்பது லட்சம் போக எட்டரை லட்சம் துண்டு விழுந்தது. ஏஜென்ட் தம்பியிடம் கேட்டால், "மீதிக்கு பெர்சனல் லோன் போட்டுடலாம்க்கா" என்றான். வட்டியைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். கெடு முடிந்தது. அக்ரிமெண்ட் வாசகப்படி மூன்று லட்சமும் விற்பவருக்கே சொந்தம். அந்த மனிதர் மனசு வைத்து ஒன்றரை லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இதில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம்: நம்மிடம் பேசுகிறவர் முடிவெடுக்கிறவர் இல்லை. ஏஜென்டுக்கோ, கிளையில் வாடிக்கையாளரைப் பிடிக்கும் ஊழியருக்கோ பணம் பட்டுவாடா ஆனால்தான் கமிஷன், டார்கெட். கடனைத் தீர்மானிப்பது வேறு மூன்று பேர். வருமானத்தைப் பார்க்கும் கிரெடிட் பிரிவு, பத்திரங்களைப் பார்க்கும் வக்கீல், வீட்டைப் பார்க்கும் எஞ்சினீயர். இவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் கடன் நிற்கும், அல்லது குறையும். அந்த மூவரும் பார்ப்பதற்கு முன்பு யார் "கன்பார்ம்" என்று சொன்னாலும் அது அவர்களுடைய ஆசை மட்டும்தான்.

தொண்ணூறு சதவீதம் என்ற பேச்சும் அப்படித்தான். ரிசர்வ் வங்கி வைத்திருப்பது உச்சவரம்பு. கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை, 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. இந்த அளவுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 36 லட்ச ரூபாய் வீட்டுக்கு 32 லட்சம் கடன் என்பதே அந்த விதிப்படி முடியாத காரியம். எனக்கு அன்று அது தெரியவில்லை, சொன்ன தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது மட்டுமில்லை, "சொத்து மதிப்பு" என்பது நாம் பேசி முடித்த விலை அல்ல. எஞ்சினீயர் போடும் மதிப்பு, பத்திரத்தில் எழுதும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பத்திரச் செலவைக் குறைக்க அரசின் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் எழுதிக்கொள்வோம் என்று விற்பவர் கேட்டால், சட்டப்படி தவறு என்பதோடு கடனும் அந்த அளவுக்குக் குறையும். பத்திரச் செலவையும் பொதுவாக அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள், அது முழுக்க நம் கைப்பணம். 2023 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் அது 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 9. கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் எம்ஓடி செலவு அதற்கு மேல் தனி.

சரி, என்ன செய்யலாம்?

வீடு பிடித்துவிட்டால் முதலில் டோக்கனாகப் பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். அந்த டோக்கனைக் கொடுத்ததும் ஆவணங்களின் ஜெராக்ஸ் கேளுங்கள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பட்டா, வீட்டு வரி ரசீது, மனை அப்ரூவல், கட்டட வரைபடம் அனுமதி முத்திரையோடு. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். இவை எல்லாவற்றையும் உங்கள் சொந்த வக்கீலிடம் கொடுங்கள். கடன் நிறுவனத்தின் வக்கீல் அவர்களுக்காகப் பார்க்கிறார். அவர் கேட்கும் கேள்வியும் நமக்கு வேண்டிய கேள்வியும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

அடுத்து, அக்ரிமெண்ட் போடும் முன்பே லீகலும் வேல்யுவேஷனும் முடித்துத் தரச் சொல்லி கடன் நிறுவனத்தில் கேளுங்கள். "அக்ரிமெண்ட் இல்லாம பார்க்க மாட்டோம்" என்பார்கள். சில இடங்களில் அது உண்மை. ஆனால் கட்டணத்தை முன்கூட்டியே கட்டுகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளும் இடங்களும் உண்டு. இரண்டாவது முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். நாலைந்தாயிரம் செலவானது. வீடு சரியில்லை என்றால் அந்த நாலைந்தாயிரத்தோடு போகும்.

அதற்கு வழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அக்ரிமெண்டில் ஒரு ஷரத்து சேர்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பத்திர எழுத்தர் எழுதிய வாசகம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"சொத்தின் ஆவணக் குறை, கட்டட அனுமதிக் குறை அல்லது மதிப்பீட்டுக் குறைவு காரணமாக வாங்குபவருக்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்டாலோ, ரூபாய் 22 லட்சத்துக்குக் குறைவாக அனுமதிக்கப்பட்டாலோ, விற்பவர் பெற்றுக்கொண்ட முன்பணம் முழுவதையும் பிடித்தம் ஏதுமின்றி 15 தினங்களுக்குள் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கிறார்."

கடன் தொகையை எண்ணால் எழுதுவது முக்கியம். வெறுமனே "கடன் மறுக்கப்பட்டால்" என்று இருந்தால் எங்களுக்கு 2022-ல் ஒன்றும் கிடைத்திருக்காது. கடன் மறுக்கப்படவில்லையே, குறைந்தது மட்டும்தானே. ஆனையூர் வீட்டை விற்ற பெரியவர் இந்த வாசகத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "என்னம்மா, என் வீட்டு மேல சந்தேகமா?" என்றார். "வீட்டு மேல இல்லைங்கய்யா, லோன் குடுக்குறவங்க மேலதான்" என்று பழைய கதையைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். ஒப்புக்கொள்ளாத விற்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் அட்வான்ஸைக் குறைத்துக் கொடுங்கள், கெடுவை மூன்று மாதத்துக்குப் பதில் நாலரை மாதம் கேளுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் அந்த வீட்டை விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2012 முதல் சட்டம் இருக்கிறது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூ வியாபாரத்தில் பனிக்காலத்தில் வரத்து குறைந்து மல்லி விலை எங்கேயோ போகும், வரத்து கூடும் மாதங்களில் அடிமாட்டு விலைக்கு விழும். இந்த வருமானத்தைக் காகிதத்தில் காட்டுவது கஷ்டம். "ஐடி ரிட்டர்ன் வேண்டாம்ணே, கடையப் பார்த்தே போட்டுடுவோம்" என்று என் வீட்டுக்காரரிடம் ஒருவர் சொன்னார். அப்படிப் போடுகிற நிறுவனங்கள் இருக்கின்றன, வட்டியில் அதை எடுத்துக்கொள்வார்கள். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு மூன்று வருடம் முன்பே முறையாக ரிட்டர்ன் போடத் தொடங்குங்கள். நாங்கள் 2022-க்குப் பிறகு அதைச் செய்தோம். 2024-ல் வங்கியில் வட்டி குறைந்ததற்கு அதுதான் காரணம்.

வட்டியைப் பற்றிக் கொடுக்கும் வாக்குறுதி

என் கொழுந்தன் 2022 மார்ச்சில் 25 லட்சம் வாங்கினான். வட்டி 6.75 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 19,009. "வரலாறு காணாத குறைஞ்ச வட்டி சார், பெருசா ஏறாது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். குறைந்த வட்டி என்பது உண்மைதான். ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, அப்போது 4 சதவீதம். அந்த மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-ல் போய் நின்றது. இவன் கடன் ரெப்போவோடு கட்டியது, ஆகவே 9.25 ஆனது. ஒரு வருடமாகத் தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே வந்தார்கள், இவனும் கவனிக்கவில்லை. கடைசியில் அந்த 19,009 வட்டிக்கே பற்றாமல் போனது. 25 லட்சத்துக்கு 9.25 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 19,271 என்று பெருக்கிப் பார்த்தாலே தெரியும். தவணையை 23,000 ஆக்கச் சொல்லி கடிதம் வந்தது. மாதம் நாலாயிரம் அதிகம். அந்த வருடம் பையனை டியூஷனிலிருந்து நிறுத்தினான்.

ஆகவே வட்டியைப் பற்றிப் பேசும்போது, இன்று எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். எதோடு கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு கட்டப்பட வேண்டும். ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். 2025-ல் ரெப்போ 6.5-லிருந்து 5.25 வரை இறங்கியது, கொழுந்தனுக்கும் குறைந்தது. வங்கி அல்லாத வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தங்கள் சொந்த விகிதத்தில் ஓட்டுவார்கள், ஏறுகிற வேகத்தில் இறங்க வேண்டும் என்று எந்த நிர்ப்பந்தமும் கிடையாது. "ரெண்டு வருஷம் பிக்ஸட்" என்று சொன்னால் மூன்றாம் வருடம் என்ன கணக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் கூடினால் தவணை எவ்வளவு என்று அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 25 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை 21,696. வட்டி 9.5 ஆகி அதே தவணையைக் கட்டினால் கடன் முடிய 20 வருடம் போதாது, கிட்டத்தட்ட 25 வருடம் 9 மாதம் ஆகும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா என்று நம்மைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கேட்கவில்லை என்றால் நாமே எழுதிக் கேட்கலாம்.

கையெழுத்துப் போடும் நாள்

இப்போது நமக்கு உதவ ஒரு காகிதம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1-லிருந்து ஒவ்வொரு வீட்டுக் கடனுக்கும் கீ பேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற தாளைக் கொடுக்க வேண்டும். வட்டி, எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான வருட விகிதம், இன்சூரன்ஸ், அபராதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நமக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும், தமிழில் கேளுங்கள். கொடுத்த பிறகு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் நமக்கு உண்டு. அதில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பிறகு வாங்கக் கூடாது. எங்களுக்கு அது 2024 நவம்பரில் வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் என் மகளும் வரி வரியாகப் படித்தோம். நாங்கள் கேட்காத இன்சூரன்ஸ் 68,000 ரூபாய் கடனோடு சேர்ந்திருந்தது. போனில் கேட்டபோது "கட்டாயம் மேடம்" என்றார்கள். "கட்டாயம்னு ஒரு மெயில் போடுங்க" என்றேன். மெயில் வரவில்லை, மறுநாள் அந்த 68,000 இல்லாத புதுத் தாள் வந்தது. அதை விட்டிருந்தால் 8.75 வட்டியில் 20 வருடத்தில் 1 லட்சத்து 44 ஆயிரமாகக் கட்டியிருப்போம். கடன் வாங்கியவருக்கு உயிர்க் காப்பீடு அவசியம்தான், என் வீட்டுக்காரருக்குத் தனியாக டெர்ம் பாலிசி எடுத்தோம். ஆனால் அதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாங்ஷன் லெட்டர், அதாவது கடன் அனுமதிக் கடிதம், வந்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதன் கடைசிப் பக்கத்தில் நிபந்தனைகள் இருக்கும், எத்தனை நாள் செல்லும் என்றும் இருக்கும். நடுவில் புதிதாக ஒரு பைக் லோன் போட்டால்கூட மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். விற்பவருக்குக் கொடுக்க வங்கி டிராப்ட் எடுத்த தேதியிலிருந்து வட்டி ஓடுவதையும் பாருங்கள். எங்களுக்கு டிராப்ட் தயாராகி ஒன்பது நாள் கழித்துத்தான் பதிவு நடந்தது. பணம் கைமாறிய நாளிலிருந்துதான் வட்டி என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் சொல்லியிருப்பதை எழுதிக் கொடுத்தேன், ஒன்பது நாள் வட்டியைக் குறைத்தார்கள்.

பில்டரிடம் பிளாட் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேலான மனை அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு இருக்க வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பில்டரே "எங்க பேங்க்ல ஈசியா முடிச்சுத் தர்றோம்" என்றாலும் வேறு ஓரிடத்தில் விண்ணப்பித்துப் பாருங்கள். அங்கே வக்கீல் தயங்கினால், ஏன் என்பதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

யார் என்ன சொன்னாலும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில், "தம்பி, 22 லட்சம், 8.75, பிராசஸிங் பீஸ் இவ்வளவுன்னு சொன்னீங்க, சரிதானே?" என்று அனுப்புங்கள். பதில் வந்தால் அது ஆதாரம். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். பிரச்சினை என்றால் முதலில் கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால், வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது; வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் போக வேண்டும். ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பு விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. 2022-ல் எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததால் நாங்கள் எங்கும் போக முடியவில்லை.

கடைசியாக, பதிவு முடிந்து அசல் பத்திரங்களை ஒப்படைக்கும்போது, எந்தெந்த ஆவணம் வாங்கினார்கள் என்ற பட்டியலை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். தாய்ப் பத்திரங்களின் எண், வருடம் வரை அதில் இருக்க வேண்டும். கடன் முடிந்த 30 நாளுக்குள் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும், தவறு அவர்கள் பக்கம் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. எங்கள் பட்டியலில் ஏழு ஆவணங்கள் இருக்கின்றன. முதலில் கொடுத்த தாளில் ஆறுதான் இருந்தது. 1987-ஆம் வருடத் தாய்ப் பத்திரத்தை விட்டுவிட்டிருந்தார்கள். அதைச் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.